கேத்தரின் தெ மெடிசி: மூன்று மன்னர்களைப் பெற்ற தாயைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினாறாம் நூற்றாண்டு பிரான்சைப் பற்றிப் பேச்செடுத்தாலே கேத்தரின் தெ மெடிசியின் பெயர் வந்துவிடும். அந்தப் பெயருக்குப் பின்னாலேயே விஷக் கையுறை, ரகசிய அலமாரி, ஜோசியக்காரர்கள், ஒரே இரவில் நடந்த படுகொலை என்று வரிசையாக வரும். இவற்றில் கடைசியாகச் சொன்னது உண்மை, கொடிய உண்மை. மற்றவை பெரும்பாலும் கட்டுக்கதை. அந்தக் கதைகள் அவருக்கு இழைத்த அநியாயம் ஒருபுறம் இருக்கட்டும். அவர் பட்ட பாட்டையும் அவை மறைத்துவிட்டன, செய்த பாவத்தையும் மறைத்துவிட்டன. என் நெடுநாள் ஆதங்கம் அதுதான். நண்பர்களும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால் யார் இவர்?

1519 ஏப்ரல் 13 அன்று இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பிறந்தவர். பதினான்கு வயதில் பிரெஞ்சு மன்னரின் இரண்டாம் மகனுக்கு வாழ்க்கைப்பட்டார். 1547இல் கணவர் இரண்டாம் ஹென்றி அரியணை ஏறியதும் பிரான்சின் அரசியானார். 1559இல் கணவரை இழந்தார். அதன் பிறகு இரண்டாம் பிரான்சிஸ், ஒன்பதாம் சார்லஸ், மூன்றாம் ஹென்றி என்று மூன்று மகன்கள் அடுத்தடுத்து மன்னர்களானார்கள். 1589 ஜனவரி 5 அன்று கண்மூடும்வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், பிரெஞ்சு அரசியலில் அவர் கை படாத விஷயம் அநேகமாக இல்லை.

மெடிசிகள் வங்கித் தொழில் செய்த குடும்பம்தானே? அரச குடும்பம் அங்கே ஏன் பெண் எடுத்தது?

பிரெஞ்சு அரசவையிலும் இதே கேள்வியைக் கேட்டார்கள். 'கடைக்காரர் வீட்டுப் பெண்' என்ற ஏளனம் அவரைக் கடைசிவரை விடவில்லை. அது பாதி உண்மைதான். தாய் மதலேன் பிரான்சின் மிக உயர்ந்த பிரபு குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவர்.

திருமணத்துக்குக் காரணம் அரசியல். மன்னர் முதலாம் பிரான்சிஸுக்கு இத்தாலிமேல், அதிலும் மிலான்மேல், தீராத கண். அப்போதைய போப் ஏழாம் கிளமென்ட் மெடிசி குடும்பத்தவர், பெண்ணுக்குத் தாத்தா முறை. 1533 அக்டோபர் 28 அன்று மார்செய் துறைமுக நகரில் போப்பே நேரில் வந்து மணம் முடித்துவைத்தார். மாப்பிள்ளைக்கும் பதினான்கு வயதுதான். அடுத்த செப்டம்பரில் போப் இறந்துபோனார். புதிய போப் மீதிச் சீதனத்தைத் தர மறுத்துவிட்டார். கூட்டணியும் இல்லை, பணமும் இல்லை. யாருக்கும் தேவைப்படாத மருமகளாக, அயல்நாட்டு அரண்மனையில் அந்தச் சிறுமி மட்டும் மிஞ்சினாள்.

அவருடைய பிள்ளைப் பருவம் துயரமானது என்கிறார்களே?

பிறந்து மூன்று வாரத்துக்குள் தாயும் தந்தையும் ஒருவர்பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். பாட்டியும் அத்தையும் வளர்த்தார்கள். 1527இல் ஃபுளோரன்ஸ் மக்கள் மெடிசிகளை விரட்டிவிட்டுக் குடியரசை அமைத்தபோது, எட்டு வயதுக் குழந்தையைப் பிணையாகப் பிடித்துவைத்தார்கள். கன்னியர் மடங்களில் வைத்திருந்தார்கள். 1529இல் போப்பின் படையும் பேரரசரின் படையும் நகரை முற்றுகையிட்டன. உள்ளே பசி, கொள்ளைநோய். வெறியில் சிலர், அந்த மெடிசிப் பெண்ணைக் கோட்டை மதில்மேல் கட்டித் தொங்கவிட வேண்டும் என்றார்கள். படைவீரர்கள் கையில் விட்டுவிடலாம் என்றும் சொன்னார்கள்.

1530 ஜூலையில் ஓர் இரவு. வேறு மடத்துக்கு மாற்றுவதற்காக அதிகாரிகள் முராத்தே மடத்தின் கதவைத் தட்டினார்கள். கொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று பதினொரு வயதுப் பெண் நினைத்தாள். தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு, கன்னியாஸ்திரி உடையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். ஒரு துறவியைத் தெருவில் இழுத்துப்போகும் காட்சியை ஊர் பார்க்கட்டும் என்பது அவள் கணக்கு. உடையைக் கழற்ற மறுத்து அதே கோலத்தில்தான் தெருவழியே போனாள். ஆகஸ்டில் நகரம் சரணடைந்தது, உயிர் தப்பியது.

கேத்தரினின் பிற்காலச் செயல் எதைப் படித்தாலும் எனக்கு இந்த இரவு ஞாபகம் வரும். ஆயுதம் இல்லாதவள் பார்ப்பவர் கண்ணை நம்பித்தான் பிழைக்க வேண்டும் என்பதை அவர் பதினொரு வயதிலேயே கற்றுக்கொண்டார்.

கணவரோடு வாழ்க்கை எப்படி இருந்தது?

ஹென்றியின் மனம் முழுக்க டியான் தெ புவாத்தியே என்ற பெண்ணிடம். அவர் ஹென்றியைவிட ஏறக்குறைய இருபது வயது மூத்தவர். ஷெனோன்சோ மாளிகை உட்பட, அரசிக்குச் சேர வேண்டிய மரியாதையெல்லாம் டியானுக்குப் போனது.

அதைவிடப் பெரிய கவலை, பத்து ஆண்டுகள் பிள்ளை இல்லை. 1536இல் மூத்த இளவரசர் திடீரென இறந்து ஹென்றி பட்டத்து இளவரசரானதும், மலடி என்று சொல்லித் தள்ளிவைக்கலாம் என்ற பேச்சே எழுந்தது. 1544 ஜனவரியில் முதல் மகன் பிறந்தான். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் மொத்தம் பத்துப் பிள்ளைகள், அதில் ஏழு பேர் பிழைத்து வளர்ந்தார்கள். 1556இல் பிறந்த இரட்டைப் பெண்களின் பிரசவம் தாயின் உயிரையே கேட்டது. இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை.

அதிகாரம் அவர் கைக்கு எப்போது வந்தது?

1559 ஜூன் 30. ஸ்பெயினோடு சமாதானம் ஆனதற்கும் அரச குடும்பத்துத் திருமணங்களுக்குமாகப் பாரிஸில் திருவிழா. ஹென்றி குதிரைமேல் ஈட்டிப் போட்டியில் இறங்கினார், டியானின் நிறங்களான கறுப்பும் வெள்ளையும் அணிந்துகொண்டு. போதும், நிறுத்திவிடுங்கள் என்று கேத்தரின் சொல்லியனுப்பியதாகச் சொல்வார்கள். மன்னர் கேட்கவில்லை. மோன்கொமேரி என்ற இளம் பிரபுவின் ஈட்டி உடைந்து, அதன் சிம்பு தலைக்கவச இடுக்கு வழியாக மன்னரின் கண்ணருகே பாய்ந்தது. பத்து நாள் துடித்து, ஜூலை 10 அன்று இறந்தார்.

அன்றுமுதல் கேத்தரின் கறுப்பு உடைதான். பிரெஞ்சு அரசிகள் துக்கத்துக்கு வெள்ளை உடுத்துவதே அதுவரை மரபு. உடைந்த ஈட்டியைத் தன் சின்னமாக வைத்துக்கொண்டார். டியானைப் பழிவாங்குவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். அரச நகைகளைத் திரும்ப வாங்கினார், ஷெனோன்சோவை எடுத்துக்கொண்டு பதிலுக்கு ஷோமோன் மாளிகையைக் கொடுத்தார், அத்தோடு விட்டுவிட்டார்.

ஆனால் அதிகாரம் உடனே வரவில்லை. புதிய மன்னர் இரண்டாம் பிரான்சிஸ் பதினைந்து வயதுப் பையன். அவன் மனைவி ஸ்காட்லாந்தின் மேரி ஸ்டூவர்ட். மேரியின் தாய்மாமன்களான கீஸ் சகோதரர்கள் ஆட்சியைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். 1560 டிசம்பர் 5 அன்று பிரான்சிஸும் இறந்தான். அடுத்தவன் சார்லஸுக்குப் பத்து வயது. அந்த இடைவெளியில்தான் கேத்தரின் நுழைந்தார். அரச ரத்தத்தில் முதல் உரிமை கொண்ட ஆன்ட்வான் தெ பூர்போனிடம் பேசி, அவரை விட்டுக்கொடுக்க வைத்து, சிறுவனின் பெயரால் ஆளும் பொறுப்பைத் தானே ஏற்றார்.

ராஜமாதாவுக்குச் சட்டப்படி என்ன அதிகாரம் இருந்தது?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். பிரான்சில் பெண்ணுக்கு அரியணை உரிமை கிடையாது. மகன் சிறுவனாக இருக்கும்வரை தாய் பொறுப்பு வகிக்கலாம், அதற்கு முன்னுதாரணம் உண்டு. ஆனால் 1563 ஆகஸ்டில் சார்லஸ் வயதுக்கு வந்துவிட்டதாக ரூவான் நகரில் அறிவித்த பிறகு, கேத்தரினிடம் சட்டப்படி எதுவும் மிச்சமில்லை. அவர் வைத்திருந்ததெல்லாம் இரவல் அதிகாரம். மகன் 'அம்மா சொன்னால் சரி' என்று நினைக்கும்வரைதான் அது செல்லும்.

இரவல் அதிகாரத்தை நிலைநிறுத்த அவர் பட்ட பாடு சாதாரணமானதல்ல. ஆரம்ப நாட்களில் சிறுவன் சார்லஸின் அறையிலேயே படுத்துக்கொண்டார். மன்னருக்கு வரும் கடிதங்களை முதலில் அவரே பிரித்தார். ஆலோசனை சபைக்குத் தலைமை தாங்கினார். 'மன்னரின் தாய்' என்று பொறித்த முத்திரை ஒன்றைத் தனக்கென்று செய்துகொண்டார். நாள் தவறாமல் கடிதம் எழுதினார். ஆயிரக்கணக்கான கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. காதில் விழுந்தபடி எழுதிய பிரெஞ்சு, எழுத்துப்பிழை மலிந்தது, ஆனால் அவர் குரலை அப்படியே கேட்கலாம். ஸ்பெயின் அரசியான மகள் எலிசபெத்துக்கு 1560 டிசம்பரில் எழுதிய கடிதத்தில், மூன்று சிறு பையன்களோடும் பிளவுபட்ட நாட்டோடும் கடவுள் என்னை விட்டுவிட்டார், முழுதாக நம்ப ஓர் ஆள் இல்லை என்று புலம்புகிறார்.

மகன் சார்லஸுக்கு எழுதிய இன்னொரு கடிதம் எனக்கு மிகவும் பிடித்தது. மன்னன் எப்போது எழ வேண்டும், கடிதங்களை எப்போது பார்க்க வேண்டும், யார் யாரை நேரில் சந்திக்க வேண்டும் என்று ஒரு நாளின் அட்டவணையே அதில் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு முறை நடன விருந்து வைக்கச் சொல்கிறார். பிரெஞ்சுக்காரர்களை மகிழ்ச்சியாகவும் ஏதாவது ஒன்றில் மும்முரமாகவும் வைத்திருந்தால்தான் அவர்கள் சும்மா இருப்பார்கள் என்பது மாமனார் முதலாம் பிரான்சிஸ் கற்றுக்கொடுத்த பாடமாம். அவர் நடத்திய ஆடம்பர விழாக்களை ஊதாரித்தனம் என்று எழுதுபவர்கள் இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும். நேற்றுவரை ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட பிரபுக்களை ஒரே கூடத்தில் ஆடவைப்பது அவருக்கு ஆட்சி வேலை.

1564 ஜனவரியில் மகனை அழைத்துக்கொண்டு நாடு சுற்றக் கிளம்பினார். ஆயிரக்கணக்கான பரிவாரத்தோடு, இரண்டு ஆண்டுக்கும் மேல், மலையும் ஆறும் கடந்து பிரான்சையே வலம் வந்தார்கள். மன்னனை மக்கள் கண்ணால் பார்த்தால் விசுவாசம் பிறக்கும் என்று நம்பினார். ஆண்டு ஜனவரி 1இல் தொடங்க வேண்டும் என்ற பிரெஞ்சு ஆணை இந்தப் பயணத்தின் நடுவில்தான் வெளிவந்தது.

மதப் போர்களில் அவர் யார் பக்கம்?

அவர் கத்தோலிக்கர், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஹியூகனாட்டுகள் என்று அழைக்கப்பட்ட பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகளை ஒழித்துக்கட்ட முடியாது என்பதை அரசவையில் மிகச் சீக்கிரம் புரிந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். சமரசத்தை நம்பிய மிஷேல் தெ லோப்பித்தாலைத் தலைமை நீதி அமைச்சராக வைத்துக்கொண்டார். 1561 செப்டம்பரில் புவாசியில் இரு தரப்பு மதகுருமார்களையும் எதிரெதிரே உட்காரவைத்தார். நற்கருணை என்ற அப்பச் சடங்கு பற்றிய வாதத்தில் பேச்சு முறிந்தது. பேசினால் தீரும் தகராறு இது என்று அவர் நினைத்தார். இரு தரப்புக்கும் அது ஆன்மாவின் கதி. இந்த வேறுபாடு அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை என்பது என் கருத்து.

ஆனாலும் விடவில்லை. 1562 ஜனவரி ஆணை, நகர மதில்களுக்கு வெளியே ஹியூகனாட்டுகள் கூடி வழிபடலாம் என்று முதன்முறையாக அனுமதித்தது. இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. மார்ச் 1 அன்று வாசி என்ற ஊரில், களஞ்சியத்தில் வழிபட்டுக்கொண்டிருந்தவர்களைக் கீஸ் கோமகனின் ஆட்கள் வெட்டிச் சாய்த்தார்கள். முதல் மதப் போர் மூண்டது. அவர் வாழ்நாளுக்குள்ளேயே எட்டுப் போர்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு சமாதான ஆணை, பெரும்பாலானவற்றின் பின்னால் அவருடைய பேச்சுவார்த்தை.

கருவூல நிலையையும் சொல்ல வேண்டும். கணவர் விட்டுச்சென்ற கடன் ஏறத்தாழ 4 கோடி லிவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்), ஆண்டு வருமானத்தைப்போல மூன்று நான்கு மடங்கு. படைக்குச் சம்பளம் கொடுக்க முடியாத அரசு யாரை அடக்கும்?

1567 செப்டம்பரில் மோ நகருக்கு அருகே ஹியூகனாட் தலைவர்கள் மன்னனையே பிடித்துப்போக முயன்றார்கள். அதன்பின் கேத்தரின் மாறினார். லோப்பித்தால் பதவி இழந்தார். கேத்தரினின் கடிதங்களின் தொனியே கடுமையாகிவிட்டது.

புனித பர்த்தலோமியோ நாள் படுகொலைக்கு அவர்தான் காரணமா?

1572 ஆகஸ்ட் 18 அன்று தன் மகள் மார்கெரித்தை நவார் என்ற சிறு நாட்டின் ஹியூகனாட் மன்னர் ஹென்றிக்குக் கட்டிவைத்தார். சண்டையைத் தீர்க்கும் கல்யாணம். அதற்காக ஹியூகனாட் பிரபுக்கள் திரளாகப் பாரிஸுக்கு வந்திருந்தார்கள். 22ஆம் தேதி அவர்களின் தலைவர் கடற்படைத் தளபதி கொலின்யி லூவர் அரண்மனையிலிருந்து நடந்துவரும்போது ஒரு ஜன்னலிலிருந்து சுட்டார்கள். விரல் போனது, கை சிதைந்தது, உயிர் இருந்தது. சுட்டவன் மோர்வெர். ஏவியது கீஸ் குடும்பமா, ஸ்பெயினா, கேத்தரினா என்று வரலாற்றாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஸ்பெயினோடு போருக்குச் சார்லஸைக் கொலின்யி இழுத்துக்கொண்டிருந்தார், கேத்தரின் அதைக் கண்டு நடுங்கினார் என்பது மட்டும் உறுதி.

அன்று பிற்பகல் மன்னனும் தாயும் காயம்பட்டவரின் படுக்கையருகே போய் ஆறுதல் சொன்னார்கள். நீதி கேட்டு ஹியூகனாட்டுகள் கொதித்தார்கள். 23 இரவு லூவரில் கூடிய சிறு சபை, அவர்களின் தலைவர்களைக் கொன்றுவிடுவது என்று முடிவெடுத்தது. கேத்தரின் அந்த முடிவில் பங்குகொண்டார். இதற்குமேல் அவருக்காக வாதாட நான் தயாரில்லை.

மார்கெரித் பின்னாளில் எழுதிவைத்த நினைவுகளில் அந்த இரவு வருகிறது. அம்மாவின் அறையில் உட்கார்ந்திருக்கிறாள். அக்கா கிளாட் அழுதுகொண்டே, போகாதே என்று கையைப் பிடிக்கிறாள். கேத்தரின் கிளாடை அதட்டுகிறார். இவளை நிறுத்திவைத்தால் ஹியூகனாட்டுகள் சந்தேகப்படுவார்கள் என்பது அவர் கவலை. போய்ப் படு என்கிறார். ஆறு நாளைக்கு முன் மணமான பெண், எதுவும் தெரியாமல் ஹியூகனாட்டுகள் நிறைந்த கணவன் அறைக்குப் போகிறாள். விடியற்காலையில் ரத்தம் வழிய ஒருவன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, அவளைக் கட்டிப்பிடித்து உயிர்ப்பிச்சை கேட்கிறான்.

தலைவர்களோடு கொலை நிற்கவில்லை. நகரக் காவல்படையும் தெருச் சனமும் கையில் எடுத்துக்கொண்டன. பாரிஸில் மட்டும் 2,000 முதல் 3,000 பேர். மாகாண நகரங்களில் அக்டோபர்வரை தொடர்ந்தது. மொத்தக் கணக்கை 5,000 என்று தொடங்கி 30,000வரை சொல்கிறார்கள். ஊர் முழுவதையும் கொல்லும் திட்டம் அரண்மனையில் போட்டதாகச் சொல்ல ஆதாரம் இல்லை என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. ஆனால் அந்தப் பாரிஸில், அந்த வெயில்காலத்தில், முதல் கத்தியை உருவ அனுமதித்தவர்கள் அடுத்தது என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டு சமரச முயற்சியையும் அந்த ஓர் இரவு விழுங்கிவிட்டது.

மருமகனின் தாயை விஷக் கையுறை கொடுத்துக் கொன்றாராமே?

இல்லை. நவார் அரசி ழான் தால்பிரே திருமணத்துக்கு இரண்டு மாதம் முன்பு, 1572 ஜூன் 9 அன்று பாரிஸில் இறந்தார். உடற்கூறு ஆய்வு செய்தார்கள், நுரையீரல் நோய்தான். அவர் நெடுநாள் நோயாளி. படுகொலைக்குப் பிறகு எழுந்த துண்டுப்பிரசுரங்களில்தான் கையுறைக் கதை பரவியது. 'இத்தாலியர்' என்றாலே விஷம் என்ற எண்ணம் அன்று ஊறியிருந்தது.

புளுவா அரண்மனையில் 'விஷ அலமாரி' என்று காட்டும் அறையில் 237 செதுக்குப் பலகைகள் இருக்கின்றன. காலால் அழுத்தினால் சில பலகைகள் திறந்து ரகசிய அறைகள் தெரியும். நகை, ஆவணம், அரிய பொருள்கள் வைக்கும் இடம். அக்காலத்து இத்தாலியப் பிரபுக்களின் வீடுகளில் இது சகஜம்.

ஜோசியம் பார்ப்பாரா?

பார்ப்பார், மிகுந்த நம்பிக்கையோடு. 1564இல் சலோன் ஊரில் நோஸ்ட்ரடாமஸைச் சந்தித்தார். கோசிமோ ருஜியேரி என்ற ஃபுளோரன்ஸ் ஜோசியரை உடன் வைத்திருந்தார். அன்றைய மன்னர்களும் போப்புகளும் செய்ததுதான் இது. அவர் செய்யும்போது மட்டும் அதற்குச் சூனியம் என்று பெயர் வைத்தார்கள்.

முள்கரண்டியையும் ஐஸ்கிரீமையும் பிரான்சுக்குக் கொண்டுவந்தது அவரா?

ஆதாரம் இல்லாத பிற்காலக் கதை. புகையிலைக்கு மட்டும் தொடர்பு உண்டு. போர்ச்சுகலில் தூதராக இருந்த ழான் நிக்கோ அனுப்பிய செடி அவர் காலத்தில் 'அரசி மூலிகை' என்று பெயர் பெற்றது. நிக்கோடின் என்ற சொல் அந்தத் தூதரின் பெயரிலிருந்து வந்தது.

கடைசி ஆண்டுகள் எப்படி?

சார்லஸ் 1574இல் இறந்தார். போலந்துக்கு மன்னராகப் போயிருந்த மூன்றாம் ஹென்றி அங்கிருந்து இரவோடு இரவாகத் தப்பி வந்து பட்டம் ஏற்றார். தாயின் செல்லப்பிள்ளை அவர். ஆனால் வளர்ந்த ஆண்மகன், தாயிடம் யோசனை கேட்பார், பிறகு தன் இஷ்டப்படி செய்வார். இரவல் அதிகாரம் மெல்லக் கரைந்தது. அப்படியும் 1578இல், அறுபதை நெருங்கும் வயதில், தெற்கே கிளம்பி ஓராண்டுக்கும் மேல் அலைந்து, ஹியூகனாட் தலைவர்களைச் சந்தித்து நெராக்கில் ஓர் உடன்பாடு எட்டினார்.

1584இல் கடைசி மகன் பிரான்சுவாவும் இறந்ததும் அரியணை வாரிசு புராட்டஸ்டண்டான நவார் ஹென்றி என்றாகிவிட்டது. தீவிரக் கத்தோலிக்கர்களின் கூட்டணியான கத்தோலிக்க லீக் கொந்தளித்தது. 1588 மே 12 அன்று பாரிஸில் தெருவுக்குத் தெரு தடுப்புகள் எழுந்தன, மன்னர் நகரைவிட்டே ஓடினார். லீகின் தலைவரான கீஸ் கோமகனோடு பேச்சு நடத்தத் தாயைத்தான் பின்னால் விட்டுப்போனார்.

டிசம்பர் 23 காலை, புளுவா அரண்மனை. நெஞ்சுச்சளியும் காய்ச்சலுமாகக் கேத்தரின் கீழ்த்தளத்தில் படுத்திருக்கிறார். மேலே மன்னரின் அறையில், அவர் ஏவிய காவலர்கள் கீஸ் கோமகனைக் குத்திக் கொல்கிறார்கள். தாயிடம் முன்கூட்டி ஒரு சொல் சொல்லவில்லை. முடிந்த பிறகு இறங்கிவந்து சொன்னார். புத்தாண்டு நாளில் கேத்தரின், நோயோடு எழுந்து, சிறைவைக்கப்பட்டிருந்த முதிய கர்தினால் பூர்போனைப் பார்க்கப் போனார். உங்கள் பேச்சை நம்பித்தான் நாங்கள் எல்லோரும் இந்தக் கசாப்புக்கு வந்து சேர்ந்தோம் என்று கர்தினால் முகத்துக்கு நேரே சொன்னார். கேத்தரின் அழுதுகொண்டே திரும்பினார். நான்கு நாளில் உயிர் போனது. வாழ்நாள் முழுக்கப் பேச்சை நம்பியே காரியம் செய்தவர் காதில் விழுந்த கடைசிக் குற்றச்சாட்டு அது.

ஏழு மாதம் கழித்து மூன்றாம் ஹென்றியையும் ஒரு துறவி குத்திக் கொன்றார். அவர்களுடைய வாலுவா அரச வம்சம் முடிந்தது.

பிள்ளைகளில் யார் யார் மிஞ்சினார்கள்?

தாய் கண்மூடும்போது இருவர்தான் உயிரோடு இருந்தார்கள்: மூன்றாம் ஹென்றியும் மார்கெரித்தும். எலிசபெத் 23 வயதில், கிளாட் 27 வயதில், இருவரும் பிரசவத்தையொட்டி இறந்தவர்கள். மார்கெரித் 1615வரை வாழ்ந்தார்.

அவரை மன்னித்தவர்கள் யாராவது உண்டா?

ஒருவர் உண்டு, அவர்தான் ஆச்சரியம். படுகொலையன்று லூவரில் கழுத்தில் கத்தியோடு தப்பிய மருமகன் நவார் ஹென்றி, பின்னாளில் நான்காம் ஹென்றி மன்னராகி, 1598இல் நாந்த் ஆணை மூலம் இரு மதத்தாருக்கும் இடம் கொடுத்தவர். கையில் சிறு பிள்ளைகள், ஒருபக்கம் எங்கள் குடும்பம், மறுபக்கம் கீஸ் குடும்பம், இருவருமே கிரீடத்தைப் பறிக்கப் பார்த்தோம், அந்தப் பெண் வேறு என்னதான் செய்திருக்க முடியும் என்று அவர் கேட்டதாகப் பதிவாகியிருக்கிறது.

இன்று அவருடையதாகப் பார்க்க என்ன இருக்கிறது?

பாரிஸில் அவர் 1564இல் தொடங்கிய துய்லரி அரண்மனை 1871இல் எரிந்துபோனது, தோட்டம் இருக்கிறது. ஷெனோன்சோவில் ஷெர் ஆற்றின் பாலத்துக்குமேல் அவர் எழுப்பிய நீண்ட கூடம் இருக்கிறது. அவர் சேகரித்த குளுவே ஓவியரின் முகச் சித்திரங்களில் பல ஷான்தியி அருங்காட்சியகத்தில் உள்ளன.

சேன் தெனி பேராலயத்தில் கணவருக்கும் தனக்குமாக அவரே கட்டுவித்த கல்லறையில், மேல்தளத்தில் இருவரும் முழங்காலிட்டு ஜெபிக்கிறார்கள், கீழே ஆடையற்ற சடலங்களாகப் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள். ழெர்மேன் பிலோன் என்ற சிற்பியின் கை. பாரிஸ் எதிரிகள் வசம் இருந்ததால் முதலில் புளுவாவில் புதைத்தார்கள், பல ஆண்டுகள் கழித்துத்தான் இங்கே கொண்டுவந்தார்கள். 1793இல் புரட்சிக்காரர்கள் அரச எலும்புகளையெல்லாம் பொதுக் குழிகளில் கொட்டினார்கள்.

லே ஆல் பகுதியில், பழைய தானியச் சந்தையின் வட்டக் கட்டடத்தை ஒட்டி ஒற்றைக் கல்தூண் ஒன்று நிற்கிறது. அவர் வாழ்ந்த மாளிகையில் மிஞ்சியது அது மட்டும்தான். உள்ளே சுழற்படி உண்டு, உச்சியில் நட்சத்திரம் பார்க்க ஏறுவார்கள் என்பார்கள். தூணின் உடலில் கணவர் பெயரின் முதலெழுத்தும் அவருடைய முதலெழுத்தும் பின்னிப் பிணைந்து செதுக்கப்பட்டிருந்தன.